அம்மா பெயரில் ஒரு டோக்கன்

சிட்லபாக்கத்து ஜெயகிருஷ்ணன் வீட்டில் யாருக்கும் மஞ்சள் காமாலை கிடையாது. தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இது தெரியும். இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் காலனி முழுக்க, அவர்கள் வீட்டில் காமாலை இருக்கிறதென்றே நம்பிக்கொண்டிருக்கிறது.

மகள் விஷ்ணுப்ரியாவுக்குப் பத்தொன்பது வயது. இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். ஆயுதபூஜை லீவு முடிந்து காலேஜ் பஸ் தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தபோது அவள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாளும் இல்லை. இன்றோடு நாற்பத்தோரு நாள். குளிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் பத்து தரம் கூப்பிட வேண்டும். பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. எப்போது போகப்போகிறாய், அட்டெண்டன்ஸ் என்னாகும் என்று அப்பா தினம் கேட்டார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாடிப்படியில் கீழ் வீட்டு கீதா வழிமறித்து, பாப்பாவை ஏன் காணோம் என்று கேட்ட அன்றைக்கு ஜெயகிருஷ்ணன் திருதிருவென்று விழித்தார். விழித்த விழியில் வாயில் வந்து விழுந்ததுதான் காமாலை.

கீதா நல்ல மனுஷி. அதுதான் தொல்லையாகப் போயிற்று. மறுநாளே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து நின்றாள். தினமும் வந்தாள். எண்ணெய் சேர்க்கவில்லையே, உப்பைக் குறைத்தீர்களா என்று சமையலறைவரை எட்டிப் பார்த்தாள். அவள் மூக்குக்குப் பயந்து ஜெயகிருஷ்ணனின் மனைவி ஸ்ரீவித்யா தாளிப்பதையே நிறுத்திவிட்டாள். இல்லாத நோய்க்கு ஒரு மாதத்துக்கு மேல் பத்தியம் இருந்த குடும்பம் தாம்பரம் வட்டாரத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

விஷ்ணுப்ரியா அந்தப் பத்தியச் சாப்பாட்டையும் ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டாள். ஸ்ரீவித்யாவுக்குப் பொறுக்கவில்லை. ரசத்தில் ஒரு கல் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு வீட்டை இரண்டு பண்ணுகிறவள் மகள். அந்தச் சண்டைக்காக அம்மா ஏங்கினாள் என்று சொன்னால் நம்புவீர்களா? வேண்டுமென்றே உப்பே போடாமலும் ஒரு நாள் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் மகள் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்."

அன்று சாயங்காலமே ஜெயகிருஷ்ணன் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் அவள் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ஒன்பது நாளாக அவள் அவர் இருக்கும் பக்கம்கூடத் திரும்பவில்லை.

ஸ்ரீவித்யா வேறு ஒன்று செய்தாள். தான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியில், கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். திட்டவில்லை. பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றாள். அன்றிலிருந்து ஸ்ரீவித்யாவின் பாய் மகளின் கட்டிலுக்குக் கீழே விரிந்தது.

டாக்டரிடம் போகலாமா என்று நேரில் கேட்கத் தைரியம் வரவில்லை. சமையலறையில் நின்றுகொண்டு பக்கத்து அறைக்கு வாட்ஸ்அப் அனுப்பினாள். ஒரு மணி நேரம் கழித்து 'ம்' என்று ஒரு எழுத்து வந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டாள்.

டாக்டரைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பை ஜெயகிருஷ்ணன் எடுத்துக்கொண்டார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருவர் இருக்கிறார், ஆனால் எதிரிலேயே டியூஷன் சென்டர், தெரிந்த பிள்ளைகள் வரும். குரோம்பேட்டையில் ஒருவர் இருக்கிறார், அந்தத் தெருவில் ஸ்ரீவித்யாவின் ஹெட்மிஸ்ட்ரஸ் வீடு. கடைசியில் பெருங்களத்தூரில் ஒரு கிளினிக்கைப் பிடித்தார். அங்கே நம்மை யாருக்குத் தெரியும் என்றார்.

போனில் பெயர் பதியும்போது இன்னொரு காரியமும் செய்தார். நோயாளி பெயர் என்ற இடத்தில் விஷ்ணுப்ரியா என்று போடவில்லை. ஸ்ரீவித்யா, வயது நாற்பத்துநாலு என்று போட்டார். நாளைக்குக் கேம்பஸ் இன்டர்வியூ வரும், அப்புறம் வரன் பார்க்க வேண்டும், இந்தப் பெயர் எங்கே போய் எப்போது முளைக்குமோ என்று பயம். மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிற மனிதர். ஒரு பாகத்தின் டேக்கை இன்னொன்றில் மாட்டியவனுக்கு மெமோ கொடுத்தவர். சொந்த மகள் விஷயத்தில் அதையேதான் செய்தார். ஸ்ரீவித்யாவும் சரியென்று தலையாட்டினாள், அவளுக்கும் அதே பயம். மகளிடம் இதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

மூன்று பேரும் ஒன்றாகப் படியிறங்கினால் கேள்வி வருமென்று ஜெயகிருஷ்ணன் கால் மணி முன்னாலேயே பைக்கில் போய்விட்டார். அம்மாவும் பெண்ணும் இறங்கியபோது கீதா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றாள். கண் டாக்டரிடம் என்றாள் ஸ்ரீவித்யா. கண்ணில் மஞ்சள் குறைந்துவிட்டதே, பரவாயில்லையே என்று கீதா சந்தோஷப்பட்டாள்.

சானடோரியம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்து ஏறினார்கள். லேடீஸ் பெட்டி. ஜன்னலோர இடம் கிடைத்தது. முன்பெல்லாம் ரயிலில் ஏறினால் விஷ்ணுப்ரியாவின் வாய் அம்மாவின் காதோரமே இருக்கும். எதிர் சீட்டு ஆன்ட்டி மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறாள், அந்தப் பச்சைப் புடவை இன்டர்வியூவுக்குப் போகிறாள் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு கதை கட்டுவாள். சும்மா இருடி, கேட்டுடப் போகுது என்று அம்மா தொடையில் கிள்ளுவாள்.

இன்றைக்கு அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். தாம்பரத்தில் கூட்டம் ஏறி நெருக்கியதில் அவள் தோள் அம்மாவின் தோளோடு வந்து ஒட்டியது. நாற்பது நாளில் அவ்வளவு பக்கத்தில் அவள் வந்ததில்லை. இரும்புலியூர் தாண்டியதும் பக்கத்துச் சீட்டுக்காரி எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டாள், தாராளமாக இடம் இருந்தது. ஸ்ரீவித்யா ஒரு அங்குலம் நகரவில்லை. பெருங்களத்தூர் இன்னும் பத்து ஸ்டேஷன் தள்ளி இருக்கக் கூடாதா என்றிருந்தது.

கிளினிக் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில். எட்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. கவுன்டரில் அம்மணி என்கிற பெண் ரிஜிஸ்டரும் டோக்கன் கட்டுமாக உட்கார்ந்திருந்தாள். முதல் தடவை வருகிறவர் தனியாகத்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும், குடும்பத்தினர் பிறகு அழைக்கப்படுவர் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. ஜெயகிருஷ்ணன் அதை இரண்டு தரம் படித்தார். டோக்கனில் இருப்பது ஸ்ரீவித்யா பெயர், அப்படியானால் அவள்தானே தனியாக உள்ளே போக வேண்டியிருக்கும். கவுன்டரில் மெதுவாகச் சொல்லிப் பெயரை மாற்றிவிடலாமென்று எழுந்தார்.

அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தது யாரென்றால், தேவானந்தம். ஜெயகிருஷ்ணனின் கம்பெனியிலேயே பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர். கூடவே அவர் மகன் தீனா, பிளஸ் டூ படிக்கிறவன்.

சிட்லபாக்கத்துக்குப் பயந்து பெருங்களத்தூருக்கு ஓடிவந்தவர், கம்பெனி பஸ் தினமும் காலையில் பாதி ஆட்களை ஏற்றிக்கொள்வது பெருங்களத்தூரில்தான் என்பதை யோசிக்கவில்லை. எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்ரீவித்யா" என்று கூப்பிட்டாள் அம்மணி.

விஷ்ணுப்ரியா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இன்னாம்மா நின்னுகினே கீற? உம் பேருதானே, உள்ள போ" என்றாள் அம்மணி.

ஜெயகிருஷ்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீவித்யாவுக்கு வேறு வழி தெரியவில்லை. உள்ளே போய் டாக்டரிடமே விஷயத்தைச் சொல்லிவிடலாமென்று கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

டாக்டர் வேதாவுக்கு நாற்பது வயது இருக்கும். உட்காருங்கள் என்றார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். "எப்படி இருக்கீங்க, ஸ்ரீவித்யா?"

மன்னிக்கணும் டாக்டர், ஒரு தப்பு நடந்துவிட்டது என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது அழுகை. இந்த நாற்பத்தோரு நாளில் பெண் எப்படி இருக்கிறாள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அவளை யாரும் கேட்கவில்லை, அவளே கேட்டுக்கொள்ளவுமில்லை. டாக்டர் டிஷ்யூ டப்பாவை நகர்த்தி வைத்தார்.

தூக்கம் எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு மூன்று மணி நேரம் என்றாள். எதற்காக விழித்திருக்கிறீர்கள் என்றதற்கு, அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பதற்கு என்றாள். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? டோக்கன் விஷயம், காமாலை, கீழாநெல்லி, தாழ்ப்பாள், சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"தோசை ஊத்தும்போது சமையல் மேடையில ஏறி உட்காந்துக்குவா, டாக்டர். பேசிட்டே இருப்பா. கல்லுல தோசை கருகிடும், நான் திட்டுவேன். இப்ப ஒரு தோசையும் கருகறதில்ல. எனக்கு அவ பேசணும். எதையாவது பேசினாப் போதும்."

டாக்டர் கோபிக்கவில்லை. இப்படிப் பெயர் மாற்றி வருகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது உண்டு என்றார். ஆனால் வேறொருவர் பெயரில் வைத்தியம் செய்ய முடியாது, அவள் பத்தொன்பது வயதுப் பெண், அவளே வந்து தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றார். சாகிற எண்ணம் இருக்கிறதா என்று அவளிடம் நேராகவே கேட்பேன் என்றும் சொன்னார்.  கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடாதா என்றாள் ஸ்ரீவித்யா. கேட்பதால் வராது, யாரும் கேட்காமல் விடும்போதுதான் பிள்ளைகள் தனியாகச் சுமக்கிறார்கள் என்றார் டாக்டர். உங்கள் பெயரில் இருக்கிற இந்த ஃபைலையும் மூடப்போவதில்லை, நீங்களும் வர வேண்டும் என்றார்.

"அவ உள்ள வரமாட்டேன்னா என்ன பண்றது?" என்று கேட்டாள் ஸ்ரீவித்யா. டாக்டர் எழுந்து, வாருங்கள், போய்க் கேட்போம் என்றார்.

வெளியே இதற்குள் வேறொன்று நடந்து முடிந்திருந்தது.

தேவானந்தம் ஒளியவில்லை. நேராக வந்து ஜெயகிருஷ்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தீனா மூன்று மாதமாக இங்கே வருகிறான், பரீட்சை என்றாலே கை நடுக்கம், வாந்தி, முதலில் பேய்க் கோளாறு என்று கயிறு கட்டி அலைந்தோம், இப்போது பரவாயில்லை, நாலு வார்த்தை சிரித்துப் பேசுகிறான் என்றார். பையன் பக்கத்தில்தான் இருந்தான். அவன் ஒன்றும் கூச்சப்படவில்லை.

"நீங்க யாருக்கு, சார்?" என்று கேட்டார் தேவானந்தம்.

இரண்டடி தள்ளி விஷ்ணுப்ரியா உட்கார்ந்திருந்தாள்.

"மிஸஸுக்குத்தான். கொஞ்சம் தூக்கம் வரலன்னாங்க. பொண்ணு சும்மா துணைக்கு வந்திருக்கு" என்றார் ஜெயகிருஷ்ணன்.

ஜெயகிருஷ்ணன் கெட்டவரில்லை. பெண்ணுக்கு நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டு சொன்னார், அதுதான் கஷ்டம். விஷ்ணுப்ரியா எழுந்தாள். படியிறங்கிப் போய்விடப்போகிறாள் என்று பயந்தார். கீழே ஜி.எஸ்.டி. ரோடு, பெரிய பெரிய லாரி. பிடிக்கப்போனவர் கையை நீட்டிவிட்டு, தொட்டால் என்ன ஆகுமோ என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் படிப்பக்கம் போகவில்லை. கவுன்டருக்குப் போனாள்.

"இன்னா பாப்பா?" என்றாள் அம்மணி.

"டோக்கன் தப்பா போட்டிருக்காங்க. அம்மாவுக்கு இல்ல, எனக்கு. பேரு விஷ்ணுப்ரியா. வயசு பத்தொம்பது."

இத்தனை நாளாகப் பேசாததில் கரகரவென்று வந்தது குரல். ஆனாலும் எட்டு நாற்காலிக்கும் கேட்டது. டாக்டரின் அறை வாசலில் அப்போதுதான் வந்து நின்ற ஸ்ரீவித்யாவுக்கும் கேட்டது. மகளின் வாயால் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மணி ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது ஃபைல் ஒன்றை உருவி, "அவ்ளோதானே, இதுக்கு இன்னாத்துக்கு பேஜார் பட்டுகினு? எழுதிட்டேன், உள்ள போ கண்ணு" என்றாள்.

ஐம்பது நிமிஷம். ஜெயகிருஷ்ணன் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். உள்ளே என்ன சொன்னாய் என்று மனைவியிடம் மெல்லக் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றாள் அவள். தாழ்ப்பாளையுமா என்றார். ஆமாம் என்றாள். ஒரு தடவை உள்ளேயிருந்து மகளின் அழுகை கேட்டது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து, ஒரே சமயத்தில் உட்கார்ந்தார்கள்.

கதவு திறந்ததும் டாக்டர் பெற்றோரை மட்டும் அழைத்துச் சுருக்கமாகப் பேசினார். நேராகக் கேட்டேன், நேராகப் பதில் சொன்னாள் என்றார். அந்த எண்ணம் வந்து வந்து போகிறது, அதிகமானால் உடனே அம்மாவை எழுப்புவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள், மாத்திரைகள் பூட்டியே இருக்கட்டும், யாராவது கூடவே இருங்கள். வைத்தியம் செய்ய நிறைய வழி இருக்கிறது, பயந்து ஓட வேண்டாம்.

"காலேஜ்ல நடந்தத என்கிட்ட கொஞ்சம் சொன்னா. மீதிய திங்கக்கிழமை உங்க ரெண்டு பேரையும் வச்சு அவளே சொல்றேன்னு சொல்லியிருக்கா. அப்பா கண்டிப்பா வரணுமாம். அதுவரைக்கும் துருவாதீங்க. சொல்றப்ப குறுக்க பேசாம கேளுங்க, அது போதும்."

காலேஜில் என்னமோ நடந்திருக்கிறது என்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரியும். யாரோ ஒரு அந்நிய மனுஷியிடம் ஐம்பது நிமிஷத்தில் சொன்னதைத் தன்னிடம் நாற்பது நாளாகச் சொல்லவில்லையே என்று ஸ்ரீவித்யாவுக்குப் பொறாமையாகவே இருந்தது. அந்தப் பொறாமையோடேயே டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர்கள் வெளியே வந்ததும் தீனாவின் முறை வந்து அவன் உள்ளே போய்விட்டான். தேவானந்தம் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜெயகிருஷ்ணன் அவரைப் பார்க்காததுபோல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படிக்கு நடந்தார்.

"அப்பா."

ஒன்பது நாளுக்கு அப்புறம் வந்த சொல். அவர் நின்றுவிட்டார்.

விஷ்ணுப்ரியா முதல் படியில் இருந்தாள். "அந்த அங்கிள்கிட்ட சொல்லிட்டு வாங்க, எனக்குத்தான்னு. நான் நிக்கறேன்."

"அவருக்குத்தான் தெரியுமேடா. நீ கவுன்டர்ல சொன்னத அவரும்தானே கேட்டாரு" என்றார் தாழ்ந்த குரலில்.

"அவருக்குத் தெரியும். நீங்க சொல்லி நான் கேக்கணும்."

நாளைக்குக் கேன்டீனில் யார் யாருக்குத் தெரியும், கீதாவுக்கு என்ன சொல்வது என்றெல்லாம் அவர் மனத்தில் ஓடியிருக்கும்.  கணவனுக்காகப் பரிந்து ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்று ஸ்ரீவித்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஜெயகிருஷ்ணன் திரும்பி நடந்தார். எட்டு நாற்காலி இருக்கிற அறையைக் கடக்க அவ்வளவு நேரம் எடுத்தது.

"தேவானந்தம், வந்தது மிஸஸுக்கு இல்ல. என் பொண்ணுக்கு. நாப்பத்தோரு நாளா அவ காலேஜ் போகல, பேசல. செத்துடணும்னு தோணுதுன்னு சொல்றா..."

 தேவானந்தம் எழுந்து நின்றார், அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன ஆச்சு சார் பாப்பாவுக்கு என்று கேட்டார்.

படியில் நின்றவள் காத்திருந்தாள்.

"தெரியல" என்றார் ஜெயகிருஷ்ணன். "எப்ப காலேஜ் போகப்போறன்னுதான் தினம் கேட்டேன். என்ன ஆச்சுன்னு நான் கேக்கவே இல்ல."